அம்மாவிடம் சொல்லாத தேதி

ஆகஸ்ட் 31, சனி

அம்மா இன்று காலை போய்விட்டாள். தூத்துக்குடியிலிருந்து சென்னை, அங்கிருந்து துபாய், பிறகு மாட்ரிட், பிறகு ரயிலில் முர்சியா. ஸ்பெயினில் அது ஒரு ஊர். ஐந்து மாதம்.

அம்மா கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள். முனைவர் பட்டத்துக்குப் படிக்கவும் செய்கிறாள். அந்தப் படிப்பில் ஒரு பகுதியை முர்சியா பல்கலைக்கழகத்தில் முடித்தால்தான் பட்டம். எலுமிச்சை மரம் எவ்வளவு தாகம் தாங்கும் என்பதுதான் ஆராய்ச்சி. எங்கள் புளியங்குடியில் பாதி ஊருக்கு எலுமிச்சைதான் சோறு போடுகிறது. அப்பாவும் எலுமிச்சை மண்டிதான் வைத்திருக்கிறார். ஆனாலும் அம்மா எலுமிச்சைக்காக விமானம் ஏறுகிறாள் என்றால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

எங்களைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா பூரணம் அத்தை வந்திருக்கிறாள். அம்மா பெட்டியோடு வாசலில் நிற்கும்போது அத்தை எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"வயசுக்கு வரப்போற பிள்ளைய விட்டுட்டுப் போற வடிவு. நடுவுல சடங்காயிட்டான்னா யாரு நிக்கது?"

"அப்பிடி ஆனா அன்னைக்கே பிளைட் ஏறிருவேன் மைனி. சத்தியமா."

பிள்ளையார் படத்தைத் தொட்டுச் சொன்னாள். அம்மாவின் தம்பி செந்தட்டி மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டே, "பதிமூணு வயசுதான ஆவுது. அஞ்சு மாசத்துல ஒண்ணும் ஆவாது, நீ ஏறுக்கா" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டியின் சக்கரத்தைப் பார்த்தேன்.

இந்த டைரி அப்பாவுக்கு உரக்கடையில் கொடுத்தது. அரிசி டிரம்முக்குப் பின்னால் வைக்கப்போகிறேன். அத்தை தூங்கிய பிறகுதான் எழுத முடியும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஒன்பது மணிக்கு வீடியோவில் வந்தாள். எங்களுக்கு இரவு, அவளுக்கு மாலை ஐந்தரை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அங்கே மதியச் சாப்பாடே மூன்று மணிக்குத்தானாம். அப்புறம் கடைகளையெல்லாம் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்களாம். முதல் நாள் அது தெரியாமல் ஐந்து மணிவரை பட்டினி கிடந்திருக்கிறாள்.

பல்கலைக்கழகப் படிவத்தில் இரண்டு குடும்பப் பெயர் கேட்டார்களாம். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. பாஸ்போர்ட்டில் எங்கள் அப்பா பெயர்தான் இருக்கிறது. இன்னொரு கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்றதால் தன் அம்மா பெயரை எழுதிவிட்டாள். அங்கே இப்போது அவள் சண்முகவடிவு திருமலைக்குமார் பேச்சியம்மாள்.

"ரயில் பெட்டி மாதிரில்லா இருக்கு" என்று அப்பா சிரித்தார்.

நானும் எழுதிப் பார்த்தேன். சங்கரி திருமலைக்குமார் சண்முகவடிவு. யாராவது பார்த்தால் என்னவோ போல இருக்கும். அடித்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அம்மாவுக்கு நாற்பது மரம் கொடுத்திருக்கிறார்கள். இருபதுக்குத் தண்ணீர் உண்டு. இருபதுக்குக் கிடையாது. தினமும் சூரியன் வருவதற்கு முன்னால் போய் ஒவ்வொரு மரத்திலும் ஓர் இலை பறித்து ஒரு இயந்திரத்துக்குள் வைக்க வேண்டும். காற்றை ஏற்றிக்கொண்டே போனால் காம்பில் ஒரு சொட்டு நீர் வரும். எவ்வளவு அழுத்தியபோது வந்ததோ அதுதான் அந்த மரத்தின் தாகம்.

கூடப் படிக்கும் பிலார் என்ற அக்காதான் காரில் கூட்டிப்போகிறாள். அவளுக்கு வேறு தோட்டம், வேறு மரங்கள். அம்மாவின் மரங்களை அவளால் பார்க்க முடியாது.

"ஒருநாள் லீவு போட்டா என்னம்மா?"

"ஒருநாள்னா சமாளிக்கலாம். ஒரு வாரம் விட்டா மரத்த முதல்ல இருந்து காயவிடணும். அதுக்கு நாள் கிடையாது. யுனிவர்சிட்டியும் ஒரு வாரத்துக்கு மேல ஊர விட்டுப் போனா இந்த அஞ்சு மாசத்தையே எடுத்துக்க மாட்டாங்க."

"அப்ப?"

"அப்ப பட்டம் கிடையாது. காலேஜ்ல இன்னொரு தடவ லீவும் தரமாட்டாங்க. அதெல்லாம் உனக்கெதுக்கு? சாப்ட்டியா?"

அக்டோபர் 4, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மூன்றாவது பீரியடு. சமூக அறிவியல். வயிற்றில் காலையிலிருந்தே வலி. பின்பெஞ்சு நஸ்ரின் என் முதுகில் தட்டி, "எந்திரிக்காத, அப்பிடியே இரு" என்றாள். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து. ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

பி.டி. டீச்சர் ஜெசிந்தா மிஸ் பள்ளியில் கொடுக்கும் நாப்கினைத் தந்து, எப்படி வைப்பது என்று சொல்லித்தந்தார். "வீட்ல அம்மாட்ட சொல்லிரு" என்றார். அம்மா ஸ்பெயினில் இருக்கிறாள் என்றேன். "அப்ப வீட்ல யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட." சரி மிஸ் என்றேன்.

நஸ்ரின் தன் ஓவர்கோட்டைக் கழற்றி எனக்குத் தந்தாள். கழிவறைக்குப் பின்னால் நின்று அழுதேன்.

"ஏட்டி, இதுக்கு ஏன் அழுத? எனக்கு ஏழாப்புலயே ஆச்சு. எங்க உம்மா முட்டையும் நல்லெண்ணையும் குடுத்தாவ. நாத்தம் தாங்கல. அதுக்கு வேணா அழுவலாம்."

"எங்க வீட்ல பந்தல் போடுவாவ. மாமா சீர் கொண்டு வருவாவ. எங்கம்மா வந்துருவா."

"வரட்டுமே. நல்லதுதான?"

"வரக் கூடாது நஸ்ரின்."

அவளுக்குப் புரியவில்லை. இருபது மரத்தைப் பற்றிச் சொன்னேன். பிள்ளையார் படத்தில் செய்த சத்தியத்தைச் சொன்னேன். அவள், "ஜனவரி வரைக்கும் மறைக்க முடியுமா?" என்றாள்.

முடியும் என்று சொல்லிவிட்டேன்.

பாவாடையை நானே துவைத்து மாடியில் அத்தையின் சேலைக்குப் பின்னால் காயப்போட்டேன்.

அக்டோபர் 5, சனி

"ஏன் முகம் வாடிக் கெடக்கு?" என்று அம்மா கேட்டாள். நெட்வொர்க் சரியில்லை என்றேன்.

அக்டோபர் 7, திங்கள்

சரஸ்வதி பூஜை. இந்த மூன்று நாளில் நான் தொட்டதையெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன். ஊறுகாய் ஜாடி. பூக்கூடை. சாமி அலமாரிக் கதவு. அத்தை வீட்டில் அவள் மகள் இந்த நாட்களில் பின்கட்டைத் தாண்டி வரமாட்டாள்.

புத்தகங்களை அடுக்கியாகிவிட்டது. அத்தை தீப்பெட்டியை என் கையில் தந்து, "ஏத்துட்டி" என்றாள். வாங்கினேன். குச்சியை எடுக்க முடியவில்லை. அத்தை என்னையே பார்த்தாள். அப்புறம் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இப்பிடி நடுங்குனா எண்ணெயக் கொட்டிருவ. நானே ஏத்துதேன். நீ அங்கன ஓரமா நின்னு கும்புடு."

தப்பித்தேன். ஆனாலும் புத்தகங்களை நான்தானே அடுக்கினேன்? சாமி, தப்பு என்னுடையது. அம்மாவின் மரங்களை ஒன்றும் செய்துவிடாதே.

அக்டோபர் 8, செவ்வாய்

அம்மா இன்று விழுந்து விழுந்து சிரித்தாள். சனிக்கிழமை விடியுமுன் அவள் தோட்டத்தில் இருக்கும்போது அத்தையிடமிருந்து போன் வந்ததாம். வீட்டில் என்னவோ ஏதோ என்று இலையைக் கீழே போட்டுவிட்டு எடுத்திருக்கிறாள். அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். பிறகு, "அப்பள டப்பாவ எங்க வச்சிருக்க?" என்று கேட்டாளாம்.

"ஸ்பெயினுக்குப் போன் போட்டு அப்பளமா? உங்கத்தைகிட்ட சொல்லு, அடுப்புக்கு மேல் தட்டுலதான் இருக்குன்னு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தைக்குத் திடீரென்று போன் போடத் தோன்றினால் என்ன ஆகும் என்றுதான் நினைத்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

அத்தை உளுந்தங்களி கிண்டினாள். கருப்பட்டி போட்டு, நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றி. யாருக்கு உளுந்தங்களி கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

"எதுக்கு அத்தை களி?"

"எதுக்கா? எலும்பு தெரியுது உனக்கு. உங்கம்மா வந்து பாத்தா என்னையத்தான கேப்பா? முழுங்கு."

அப்பாவுக்கும் ஒரு உருண்டை வைத்தாள். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்றும் களி.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. அதே நாளில் அங்கே எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்களாம். குளிர்காலம் வந்தால் அப்படிச் செய்வது வழக்கமாம். நாடு முழுக்க ஒரே நேரத்தில் கடிகாரத்தைத் திருத்துகிறார்கள் என்பதை அப்பா நம்பவில்லை. "சூரியன் என்ன இவனுங்க வீட்டு வேலைக்காரனா?" என்றார்.

அம்மாவின் போனில் நேரம் மாறவில்லை. பழைய நேரத்துக்கு எழுந்து, பிலார் வருவாள் என்று தெருவில் நின்றிருக்கிறாள். ஒரு மணி நேரம் குளிரில். புதுச்சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தீபாவளி அன்று, தெருவில் தனியாக.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு எங்கோ போனாள். கொஞ்ச நேரம் கூரைதான் தெரிந்தது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

நவம்பர் 6, புதன்

மறுபடியும். போன தடவையைவிட அதிகம். ஜெசிந்தா மிஸ், "வீட்ல சொல்லிட்டியா?" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். மிஸ்ஸிடம் பொய் சொல்லுவது இதுதான் முதல் தடவை. எளிதாக வந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

அம்மாவுக்கு அங்கே இரண்டு பாடம் வகுப்பில் உட்கார்ந்து படித்துத் தேர்வும் எழுத வேண்டும். எல்லாம் ஸ்பானிஷில். வாத்தியார் மூச்சுவிடாமல் பேசுவாராம். முதல் தேர்வில் பத்துக்கு மூன்று.

"என் மாணவிங்க வயசுப் பிள்ளைங்க எல்லாம் எட்டு, ஒம்பது. நான் மூணு. பின்னாடி உக்காந்திருந்த பையன் என்னைய டீச்சர்னு நெனச்சுக் கதவத் திறந்துவிட்டான்."

அப்பா மண்டியிலிருந்து இன்னும் வரவில்லை. அத்தை அடுப்படியில் இருந்தாள். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சங்கரி, நான் வந்துரட்டுமா?"

போனை முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"அங்க எதாவது… நான் வந்தே ஆகணும்ங்கிற மாதிரி எதாவது இருந்தாச் சொல்லுட்டி. வந்துருதேன். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ."

ஒரு வார்த்தை போதும். நாளைக்கே கிளம்பியிருப்பாள். தோற்று வந்ததாக யாரும் பேசமாட்டார்கள். பிள்ளைக்காக வந்தாள் என்பார்கள். சனிக்கிழமை காலையில் கண் விழித்தால் அவள் பக்கத்தில் படுத்திருப்பாள்.

"ஒண்ணுமில்லம்மா. இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"நெசமாவா?"

"நெசமா. நீ அந்தப் பாடத்த மறுபடி படி."

போனை வைத்த பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழவில்லை. வாளி நிரம்பி வழிந்தபிறகும் நின்றேன்.

நவம்பர் 21, வியாழன்

காலை இறைவணக்கத்தில் கண் இருட்டியது. விழித்தபோது ஜெசிந்தா மிஸ்ஸின் மடியில் இருந்தேன். மறுபடியும் வந்திருந்தது, பதினைந்து நாளுக்குள். மிஸ் அப்பாவுக்குப் போன் செய்துவிட்டார்.

அப்பா மண்டி வேலையை விட்டு, கையில் எலுமிச்சை வாசத்தோடு ஓடி வந்தார். அத்தையும் ஆட்டோவில் வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைவு என்றார்கள். நர்ஸ் பேனாவை எடுத்து, "பிள்ள வயசுக்கு வந்துட்டாளா? கடைசியா எப்ப?" என்றார்.

அப்பா என் தலைமாட்டில் நிற்கிறார். அத்தை கால்மாட்டில் நிற்கிறாள். முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு அந்த நேரத்தில் இருபது மரமும் தெரிந்தது.

"தம்பி, நீ கீழ போயி ஒரு இளநி வாங்கிட்டு வா" என்றாள் அத்தை.

"இருக்கட்டும்க்கா, டாக்டர் என்ன சொல்லுதாவன்னு…"

"வாங்கிட்டு வான்னா வாங்கிட்டு வா. நல்ல வழுக்கையாப் பாத்து."

அப்பா போனார். காலடிச் சத்தம் படியில் இறங்கும்வரை அத்தை காத்திருந்தாள். பிறகு நர்ஸிடம் சொன்னாள்.

"மொதல் தடவ புரட்டாசி பதினேழு, வெள்ளிக்கிழம. அப்புறம் ஐப்பசி இருவது. இப்ப இது மூணாவது. ரொம்பப் போவுதும்மா பிள்ளைக்கி. எதாவது சத்து மாத்திர எழுதச் சொல்லுங்க."

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கால் பக்கம் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டாள்.

நவம்பர் 22, வெள்ளி

அப்பா மண்டிக்குப் போனதும் அத்தை முருங்கைக்கீரையை முறத்தில் கொட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் சேலைக்குப் பின்னாடி துணி காயப்போட்டா எனக்குத் தெரியாதாட்டி? அந்தச் சேலைய நான்தான எடுக்கணும்?"

நான் அழ ஆரம்பித்தேன்.

"அழாத. எனக்கு ஆத்திரந்தான் வந்துச்சு. சனிக்கிழம காலைல போன எடுத்துட்டேன். வா தாயி, உன் பிள்ளைய வந்து பாருன்னு சொல்லணும்னு. வடிவு அஞ்சு மாசம் தாங்கமாட்டான்னு நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்லா? எடுத்த உடனே, என்ன மைனி, சங்கரிக்கு என்னன்னு கேட்டா பாரு. மூச்சு வாங்குது அவளுக்கு. சொல்லிட்டா அந்த எடத்துலயே எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துருவா. எனக்கு அது தெரிஞ்சிபோச்சி. பாத்தியளா, வந்துட்டான்னு நாலு பேரு முன்னாடி சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆனா அந்த மூச்சக் கேட்டதும் மனசு வரல. அப்புறம் என்ன சொல்ல? வாயில அப்பளந்தான் வந்துச்சு."

"அப்பாவுக்குச் சொல்லாதீங்க அத்தை."

"அவனுக்கா? அவனுக்குச் சொன்னா மண்டிக்கே சொன்ன மாதிரி." கீரைக் காம்பை உருவினாள். "ஆனா ஒண்ணு. இது வெளிய தெரிஞ்சா, கூட இருந்த பூரணம் என்ன செஞ்சான்னுதான் ஊரு கேக்கும். உன்னையக் கேக்காது. பாத்து நடந்துக்கோ."

இத்தனை நாள் ஒருத்தியாகப் பயந்தேன். இப்போது இரண்டு பேர். பயம் பாதியாகக் குறையவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

கார்த்திகை. அத்தை கோவிலுக்குப் போயிருந்தாள். அப்பா வாசலில் அகல் வரிசையை வைத்துவிட்டு, "சங்கரி, காத்து வருது, சீக்கிரம் ஏத்து" என்றார். எனக்கு இன்று இரண்டாம் நாள். அப்பாவிடம் என்ன சொல்லுவது? ஏற்றினேன். பதினெட்டு விளக்கு.

இதை அத்தையிடம்கூடச் சொல்லவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

அம்மாவுக்கு மறுதேர்வில் ஏழு. மூன்று தடவை ஏழு ஏழு என்றாள். பிலார் அவளைத் தூக்கிச் சுற்றினாளாம். விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். சிவப்பு மையில் வாத்தியார் ஏதோ எழுதியிருந்தார். என்ன அர்த்தம் என்று கேட்டேன். நன்றாகத் தேறிவிட்டீர்கள், மெதுவாகப் பேசாததற்கு மன்னிக்கவும் என்று எழுதியிருக்கிறாராம்.

அம்மா குரலில் கொஞ்சம் கோணல் வந்திருக்கிறது. சரி என்பதற்கு வாலே என்கிறாள்.

நான் செய்தது சரிதான். சரிதானே?

ஜனவரி 1, புதன்

அங்கே புதுவருடம் பிறக்கும்போது மணி பன்னிரண்டு அடிக்க அடிக்க, அடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திராட்சை தின்ன வேண்டுமாம். அம்மா ஒன்பதாவதில் புரையேறி நிறுத்திவிட்டாள். ஊர் மைதானத்தில் ஆயிரம் பேர் கன்னத்தில் திராட்சையை அடக்கிக்கொண்டு நிற்கும் படம் அனுப்பியிருக்கிறாள். நடுவில் அம்மா. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை.

ரொம்ப நேரம் பார்த்தேன். எனக்கு ஏன் கோபம் வந்தது?

ஜனவரி 15, புதன்

பொங்கல். செந்தட்டி மாமா கரும்பு கொண்டுவந்தார். "என்னட்டி, நெடுநெடுன்னு வளந்துட்ட? சீர்வரிசைக்கு இப்பவே தட்டு வாங்கி வைக்கணும் போலயே" என்றார். நான் பொங்கல் தட்டோடு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மாமா போனதும் அத்தை திட்டத்தைச் சொன்னாள். அம்மா முப்பதாம் தேதி வருகிறாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொள்ள வேண்டும். அத்தை வந்து பார்த்துவிட்டுக் குலவை போடுவாள். அன்றைக்குத்தான் ஆனது என்று எல்லோரிடமும் சொல்லிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அம்மாவும் கூடவே இருப்பாள்.

"அம்மாட்டயும் பொய்யா அத்தை?"

"அவகிட்டத்தான் மொதல்ல. கேட்டா தாங்குவாளா அவ?"

ஜனவரி 30, வியாழன்

வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். முழங்கைவரை வெயிலில் கறுத்திருக்கிறாள். நூற்று இருபத்தாறு நாள் விடியற்காலையில் மரங்களை அளந்திருக்கிறாள். ஒன்றுகூட விடவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்த தாளை அப்பா கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரு எழுத்தும் புரியாமல், மூன்று தடவை படித்தார். "சண்முகவடிவு திருமலைக்குமார்" என்ற இடத்தை மட்டும் மாமாவுக்கு விரலால் காட்டினார்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் உடம்பு அவளிடம் சொல்லிவிடும் என்று தோன்றியது.

பிப்ரவரி 2, ஞாயிறு

படுத்துக்கொண்டேன். அத்தை வந்தாள், பார்த்தாள், குலவை போட்டாள். அம்மா கையில் இருந்த தோசைக்கரண்டியோடு ஓடி வந்தாள். அப்பா வாசலிலேயே நின்று, "என்னது, என்னது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா கதவைச் சாத்தினாள். என் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பும் கண்ணீருமாக இருந்தது. "பயப்படாத பிள்ள, நான் இருக்கேன், நான் சொல்லித்தாரேன்" என்று நாப்கின் பையைப் பிரித்தாள். கை அவசரத்தில் தடுமாறியது. அதைத் தாங்க முடியாமல் நான் வாங்கிக்கொண்டேன். குளியலறைக்குப் போய், இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தேன். உறையைத் தாளில் மடித்து மூலையில் போட்டேன். எப்போதும் போல.

அம்மா அந்தத் தாளையே பார்த்தாள்.

"எத்தனாவது தடவ இது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சங்கரி, எத்தனாவது தடவ?"

"அஞ்சு இல்ல ஆறு. சரியாத் தெரியல. ஒழுங்கா வரல."

பிப்ரவரி 3, திங்கள்

அம்மா யாரிடமும் பேசவில்லை. பாத்திரங்கள் பேசின. மதியம் அப்பா வெளியே போனதும் அத்தையின் முன்னால் போய் நின்றாள்.

"என் பிள்ள விஷயத்த எங்கிட்ட மறைக்க நீங்க யாரு மைனி?"

"யாருமில்ல. மறச்சேன். இப்ப பேப்பரு கையில இருக்குல்லா?"

"அந்தப் பேப்பருக்காக நான் இவள விட்டிருப்பேன்னு நெனச்சீங்களா?"

"விட்டிருக்கமாட்ட. அதான் சொல்லல."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நவம்பர்ல நான் கேட்டேன்ல? வந்துரட்டுமான்னு கேட்டேன்ல? அன்னைக்காவது சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா நீ வந்திருப்ப."

"வந்திருப்பேன்!"

"வந்துட்டு, அப்புறம் என்னையப் பாக்கும்போதெல்லாம் அந்த மரத்த நெனச்சிருப்ப."

இப்படி நான் அம்மாவிடம் பேசியதே இல்லை. அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அத்தை மெதுவாக எழுந்து அடுப்பை அணைத்தாள்.

பிப்ரவரி 5, புதன்

சாயங்காலம் ஜோசியர் வந்தார். சடங்கான நாளையும் நேரத்தையும் வைத்து ஜாதகம் எழுதினால்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்ற நாள் குறிக்க முடியும். கூடத்தில் அப்பா, மாமா, அத்தை, அம்மா. நான் அம்மாவுக்குப் பின்னால் பாயில்.

"நாளும் மணியும் சொல்லுங்க" என்று ஜோசியர் பேனாவைத் திறந்தார்.

"தை பத்தொம்பது, ஞாயித்துக்கிழம, காலைல…" என்று அத்தை ஆரம்பித்தாள்.

"இருங்க மைனி" என்றாள் அம்மா. மூன்று நாளில் அத்தையோடு பேசிய இரண்டாவது பேச்சு அது. "அன்னைக்கி நான் ஊர்ல இல்ல. எனக்குத் தெரியாத நாள என் வாயால சொல்ல வராது. ஐயா, பிள்ளகிட்டயே கேளுங்க."

யாருக்கும் புரியவில்லை. ஜோசியர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். அத்தை கண்ணால் வேண்டாம் என்றாள். அம்மா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. என்ன சொன்னாலும் சரி என்பது போல முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

தை பத்தொன்பது என்று சொல்லிவிடலாம். எல்லாம் சுலபமாக முடியும்.

"அக்டோபர் நாலு" என்றேன். "வெள்ளிக்கிழமை. பதினொண்ணு பத்து. மூணாவது பீரியடு."

"அக்டோபரா?" மாமா எழுந்தேவிட்டார். "நாலு மாசமாவா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். "அக்கா, ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வடிவு?"

"ஞாயித்துக்கிழமதான் தெரியும்."

"அப்ப இளநி வாங்கப் போன நான் மட்டுந்தான் கேனையன்."

ஜோசியர் பேனாவை மூடினார். "நாலு மாசம் தீட்டு கழிக்காம வீட்டுக்குள்ள நடமாடிருக்கு பிள்ள. வெளக்கு, சாமி எல்லாம் தொட்டிருக்குமே?"

"நான் தொடவிடல" என்றாள் அத்தை வேகமாக.

இதையும் மறைத்தால் எல்லாவற்றையும் மறைத்ததுதான். "கார்த்திகைக்கு நான்தான் ஏத்தினேன். பதினெட்டு விளக்கு. ரெண்டாம் நாள்."

அத்தை வாயில் கை வைத்தாள். ஜோசியர் ஏதோ சொல்ல வந்தார். அப்பா முந்திக்கொண்டார்.

"நான்தான் ஏத்தச் சொன்னேன். அன்னைக்கி என்ன காத்து! தெருவுல பாதி வீட்டு வெளக்கு அணஞ்சிபோச்சு. எங்க வீட்டுல விடிய விடிய எரிஞ்சுது. நீங்க எழுதுங்க ஐயா. பிள்ள சொன்னத அப்பிடியே எழுதுங்க."

ஜோசியர் தலையை ஆட்டிக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். நானும் போனேன். துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றேனோ. உள்ளே மாமா நாள் பார்ப்பது கேட்டது. மாசி நாலா, மாசி பதினொண்ணா.

"சங்கரி."

"ம்."

"பள்ளிக்கூடத்துல, அன்னைக்கி. பயந்தியாட்டி?"

ஒண்ணுமில்லம்மா என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஐந்து மாதமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

"ஆமா" என்றேன். "ரொம்பப் பயந்தேன்."

அம்மா கல்லில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.